பழைய பாக்ஸ்டர் காருக்குள் மழைத்தண்ணீர் தேங்குகிறது, தரையில் துளை போட்டு வடியவிடலாமா?

போடாதீர்கள். நீங்கள் வைத்திருப்பது 986, அதாவது 1996-இல் வந்து 2004 வரை தயாரான முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர். அதில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் மூக்குப்பக்கம், அதனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் குழாய்கள் காரின் அடிவயிற்றில்தான் போய் வருகின்றன, பிரேக் குழாய்களும் அடியில்தான். கார்ப்பெட்டைத் தூக்கி மேலிருந்து ட்ரில்லை இறக்கினால் எதில் போய்க் குத்தும் என்று தெரியாது. எதிலும் படவில்லை என்றாலும் வெட்டிய விளிம்பில் துரு ஏறும், சாலைத் தண்ணீர் அதே துளை வழியாக மேலே அடிக்கும்.

தண்ணீர் ஏன் உள்ளே வருகிறது என்று முதலில் பாருங்கள். துணிக்கூரையில் வழியும் மழையை வாங்கிக் கீழே அனுப்ப, கூரை மடங்கி உட்காரும் இடத்தில் இரண்டு பக்க மூலையிலும் வடிகால் உண்டு. மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் தூசியும் சேர்ந்து சேறாகி அதை அடைத்துவிடும், அப்புறம் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இறங்கி நேராகக் கார்ப்பெட்டுக்குத்தான் வரும். கூரையைப் பாதி திறந்து நிறுத்தினால் அந்த மூலைகள் கைக்கு எட்டும். சேற்றைக் கையால் அள்ளிவிட்டு, புல்வெட்டி நைலான் நரம்பை மெதுவாக விட்டு எடுங்கள். கம்ப்ரெஸர் காற்றை முழு வேகத்தில் அடிக்க வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்பக்கம் பேட்டரியை ஒட்டிய வடிகால்களையும் மறக்காதீர்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், இடது சீட்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் கண்ட்ரோல் யூனிட், அதாவது சரியான சாவி இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் மின்னணுப் பெட்டி. தரையின் பள்ளத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் தேங்கினால் முதலில் நனைவது அதுதான். நனைந்தால் சென்ட்ரல் லாக் தானாகப் பூட்டித் திறக்கும், அலாரம் கத்தும், கடைசியில் சாவியை அடையாளம் தெரியாமல் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. புதிது போட்டால் சாவிகளையும் சேர்த்து கோடிங் செய்ய வேண்டும், நல்ல செலவு. ஆகவே இப்போது தரை ஈரமாக இருந்தால் சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூட வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றி, சீட்டை எடுத்து, யூனிட்டை வெளியே எடுத்துக் காயவையுங்கள்.

கார்ப்பெட்டின் மேல்பக்கம் காய்ந்ததைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அடியில் ஒட்டியிருக்கும் கனமான நுரை தண்ணீரை நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். ஈரம் உறிஞ்சும் வேக்யூம், அப்புறம் மூடிய காருக்குள் காற்றின் ஈரத்தை இழுக்கும் ஒரு டீஹியூமிடிஃபையர், இரண்டும் வேண்டும்.

தரையில் வடிகால் இருந்தே ஆகவேண்டும் என்றால் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் மூடிகளைத் தேடுங்கள். பெயின்ட் தொட்டியில் முக்கி எடுக்கும்போது திரவம் வடிவதற்காகப் பெரும்பாலான கார் பாடிகளில் துளைகள் விட்டு, பிறகு அடைத்திருப்பார்கள். அதைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, சீலன்ட் வைத்து மறுபடி மூடிவிடலாம், திறந்தே விட்டு ஓட்டக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தாமதமில்லாமல் காருக்கு அடியில் விழுந்தால் சரி, மூலையிலேயே குளமாக நின்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது.