மெஷின் வந்தது, ஆர்டர் வரவில்லை

கேள்வி: ஓர் ஊருக்கென்றே பெயர்போன பொருளைச் செய்யும் சிறு தொழில்களுக்கு அரசு தாராளமாக மானியம் கொடுத்துவிட்டால், அவை பிழைத்துக்கொள்ளாதா? – ஒரு வாசகி

பதில்: மானியமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் உட்கார்ந்து எத்தனையோ மானியத் தாள்களில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் ஒரு முறை, மானியத்தில் வாங்கிய பேக்கிங் மெஷினைப் பார்வையிடப் போனேன். மெஷின் மூலையில் நின்றது. சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எதிரே இரண்டு பெண்கள் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, கவரின் வாயை ஆக்ஸா பிளேடில் மடித்துச் சுடரில் காட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு முப்பது கவர்தான் போகுது சார். அதுக்கு எதுக்கு மெஷின்?" என்றார் உரிமையாளர். நியாயம்தானே!

ஜப்பானில் ஓயிட்டா மாகாண ஆளுநராக இருந்த மொரிஹிக்கோ ஹிரமட்சு, 1979-இல் 'ஒரு கிராமம், ஒரு பொருள்' இயக்கத்தைத் தொடங்கினார். கிராமங்களுக்கு நேரடி மானியம் கிடையாது என்பதில் மனிதர் பிடிவாதமாக இருந்தார். பணம் நின்றால் வேலையும் நின்றுவிடும் என்பது அவர் கணக்கு. தொழில்நுட்ப உதவி, ஆட்களுக்குப் பயிற்சி, சந்தைக்கு வழி, இவ்வளவுதான் அரசின் பங்கு. எந்தப் பொருள் என்பதை ஊர்க்காரர்களே முடிவு செய்ய வேண்டும்.

அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அதே மாகாணத்து ஓயாமா என்ற மலையூர். நெல் போடுங்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த 1961-இல், அந்த ஊர் பிளம், செஸ்ட்நட் மரங்களை நட்டது. அவர்கள் வைத்துக்கொண்ட கோஷம்: "பிளம், செஸ்ட்நட் நடுவோம், ஹவாய்க்குப் போவோம்!" எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். எந்த அரசாணையிலும் இப்படி ஒரு வரி வராது.

தாய்லாந்து 2001-இல் ஹிரமட்சுவின் இயக்கத்தை எடுத்துக்கொண்டபோது மத்திய அரசே முன்னால் நின்றது. பொருளின் தரத்தைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊர்ப் பொருளை வாங்குகிறவருக்கு அது ஒரு பிடிமானம்.

சரி, அந்த மெஷின்காரருக்கு என்னதான் தேவைப்பட்டது? பெரிய கடை ஒன்று அவர் சரக்கை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்ததாம். ஆய்வகப் பரிசோதனைச் சான்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தை எழுத எங்கள் மானியப் படிவத்தில் கட்டமே இல்லை.