10% சரியாக வருகிறது, 20% ஏன் தவறுகிறது?

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 240-இல் 10% கேட்டால் 24 என்று உடனே சொல்கிறாள். 20% கேட்டால் 12 என்கிறாள், 5% கேட்டால் 48 என்கிறாள். எங்கே தவறுகிறாள்?

பதில்: அவள் சொன்ன விடைகளிலேயே காரணம் இருக்கிறது. 240-ஐ 20-ஆல் வகுத்தால் 12, 5-ஆல் வகுத்தால் 48. 10%-க்குப் பத்தால் வகுத்தது சரியாக வந்ததால், எத்தனை சதவீதமோ அந்த எண்ணாலேயே வகுக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அவள் யோசித்துத்தான் செய்கிறாள், விதிதான் தவறு. அது பொருந்துவது 10%-க்கு மட்டுமே, ஏனென்றால் நூற்றில் 10 என்பது பத்தில் ஒரு பங்கு. 20% என்பது நூற்றில் 20, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 5-ஆல் வகுக்க வேண்டும், விடை 48.

திருத்துவதற்கு முன் அவளுடைய விடைகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: 5% என்றால் 48, 10% என்றால் 24, 20% என்றால் 12. சதவீதம் ஏற ஏற விடை இறங்குவதை அவளே பார்த்துவிடுவாள்.

அடுத்து, எந்தக் கணக்கையும் 1%-இலிருந்து தொடங்கப் பழக்குங்கள். 240-ஐ 100-ஆல் வகுத்தால் 2.4. இதுதான் 1%. 35% வேண்டுமென்றால் 2.4 × 35 = 84. மனக்கணக்காகச் செய்ய 10%-ஐப் பிடித்துக்கொள்ளலாம்: 10% என்பது 24, எனவே 30% என்பது 72. 10%-இல் பாதி 5%, அது 12. கூட்டினால் அதே 84. இரண்டு வழியிலும் செய்து விடை ஒத்துவருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

தசமத்துக்கு வரும்போது இன்னொரு சிக்கல் காத்திருக்கும். 5%-ஐ 0.5 என்று எழுதிவிடுவார்கள், அது 0.05. 0.5% என்றால் இன்னும் குழப்பம். 0.5 ஏற்கெனவே தசமமாக இருப்பதால், நூறால் வகுக்காமல் அப்படியே பெருக்கி 120 என்பார்கள். 120 என்பது 240-இல் சரிபாதி, அதாவது 50%! இங்கேயும் 1%தான் கைகொடுக்கும். 1%-ஏ 2.4 என்னும்போது அரை சதவீதம் அதைவிடக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? சரியான விடை 1.2. பேனாவை எடுக்கும் முன் விடை எதைவிடப் பெரிது, எதைவிடச் சிறிது என்று வாய்விட்டுச் சொல்லவைத்தால், புள்ளி இடம் மாறும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே பிடிபடும். 100%-க்கு மேல் போனால் விடை கொடுத்த எண்ணைவிடப் பெரிதாகும்: 240-இல் 125% என்பது 300.

இது கைவந்த பிறகு தலைகீழ்க் கணக்கைக் கொடுங்கள்: "ஓர் எண்ணின் 15% 45 என்றால் அந்த எண் எது?" பலரும் 45-க்கே 15% கண்டுபிடித்து 6.75 என்று எழுதுவார்கள். இங்கே 45 என்பது நாம் தேடும் எண் அல்ல, அதன் ஒரு பகுதிதான். 15 பங்கு சேர்ந்து 45 என்றால் ஒரு பங்கு 3. நூறு பங்கும் சேர்ந்தால் 300. 300-இல் 15% எவ்வளவு என்று அவளையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.