அரை மணியில் படுத்துவிடும் டிராக்டர்

கேள்வி: எங்கள் பழைய டீசல் டிராக்டர் காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் உழுததும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது, சற்று விட்டால் மறுபடி ஓடுகிறது. என்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விட்டு எடுத்தால் ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் டீசல் வரத்தின்மேல்தான். அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஒரு ஊசி போதும். சத்தமே இல்லையா? சரி, ஃபில்டர் மேலுள்ள பிளீடிங் ஸ்குரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) தளர்த்தி, டீசலைத் தள்ளும் சிறிய கைப்பம்பை அடியுங்கள். நுரை நிற்காமல் வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் டீசல் குழாய் இணைப்பிலுள்ள செம்பு வாஷர் வழியாக (பழையதையே திரும்பப் போடுகிறோமே!). சொட்டுச் சொட்டாக வந்தால் டேங்கில் கசடு, அல்லது ஃபில்டர் அடைப்பு.