அவள் முதலில் வக்கீலைப் பார்க்கட்டும்

கேள்வி: நானும் மகளும் விக்டோரியா மகாராணி காலத்துக் கதை ஒன்றைத் தொடராகப் பார்த்துவருகிறோம். 1860-களில் நடக்கிறது. 30 வயது விதவை, ஒரு பெண் குழந்தை. மறுமணம் செய்தால் வீடும் வருஷத்துக்கு 300 பவுன் வருமானமும் புருஷனின் தம்பி மகனுக்குப் போய்விடும் என்று உயில். அவளுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஏழை வாத்தியார் மேல் பிரியம். "பணம் போனால் போகட்டும், கல்யாணம் பண்ணிக்கட்டும்" என்கிறாள் மகள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் பேராசைக்காரி மாதிரி யோசிக்கிறேனா? நிஜத்தில் இப்படி உயில் எழுத முடிந்ததா? அவள் உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்?
(மதுரை வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களிடம் பேராசை எதுவும் இல்லை. ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நிற்பவளுக்காகக் கவலைப்படுகிறீர்கள், அவ்வளவுதான்.

அப்படி உயில் எழுத முடிந்தது. 1833-ல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் ஒருவர் நினைத்தால் மனைவிக்கு ஒன்றுமே வைக்காமல் உயில் எழுதிவிட்டுப் போகலாம். 1938 வரை அதுதான் நிலைமை. (பக்கத்து ஸ்காட்லாந்தில் முடியாது. அங்கே அசையும் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு உண்டு.) கல்யாணமே செய்யக்கூடாது என்று ஒரு பெண்ணுக்கு நிபந்தனை போட்டால் கோர்ட் பொதுவாக ஏற்காது. ஆனால் விதவை மறுமணம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்றது! "விதவையாக இருக்கும் வரை" என்று உயிலில் ஒரு வரி இருந்தால் போதும்.

உங்கள் மகளுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கலாம். அந்த வரியே இல்லாவிட்டாலும் அவளுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்கும். கல்யாணமானவளுக்கு அன்றைய சட்டத்தில் தனி ஆள் என்ற கணக்கே கிடையாது. தாலி கட்டியது மாதிரி மோதிரம் மாட்டிய அந்த நிமிஷத்திலிருந்து அவள் கையில் இருக்கும் காசு, நகை, மேஜை நாற்காலி எல்லாம் கணவனுடையது. நிலமிருந்தால் வாடகையும் குத்தகையும் அவனுக்கு. 1870-ல்தான் அவள் சம்பாதிக்கும் கூலி அவளுக்கு என்று ஆனது. 1882-ல் சட்டம் வந்து, 1883 ஜனவரி 1 முதல்தான் மனைவி தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முடிந்தது.

அதனால், கல்யாணமான பெண்களுக்கு இல்லாத ஒன்று விதவைக்கு இருந்தது. அவள் கையெழுத்து செல்லும். வீட்டை வாடகைக்கு விடலாம், வழக்குப் போடலாம், தானே உயில் எழுதலாம். கணவன் இறந்த துக்கத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கறுப்பு உடை. அந்தக் கிரேப் துணி மழையில் நனைந்தால் சாயம் விட்டு, கழுத்திலும் கையிலும் கறை படியும். அந்தக் கறையைத் தேய்த்துக் கழுவும் அதே பெண்தான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் பெயரில் ஒரு ரசீதில் கையெழுத்துப் போடுகிறாள். உங்கள் கதாநாயகி தயங்குவதைப் பார்க்கும்போது இதை மனசில் வையுங்கள். அவள் விடப்போவது வெறும் 300 பவுனை மட்டும் இல்லை.

சரி, அந்த 300 எவ்வளவு என்றும் பார்ப்போம். அரசுக் கடன் பத்திரத்துக்கு அப்போது வட்டி 3 சதவீதம். 10,000 பவுன் முதல் இருந்தால்தான் 300 வரும். வீட்டு வேலைக்கு இருக்கும் பெண்ணுக்குச் சாப்பாடு போட்டு வருஷச் சம்பளம் 10 பவுன் சுமாருக்குக் கொடுத்த காலம். 300-ல் கௌரவமாக வாழலாம். அது நின்றுபோனால் படித்த பெண்ணுக்கு இருந்த வழிகள் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருவது, தையல், வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து வாடகை வாங்குவது, இவ்வளவுதான். கூலி வேலைக்காரன் செத்தால் அவன் மனைவிக்கு உயிலும் இல்லை, தேர்ந்தெடுப்பதும் இல்லை. துணி துவைக்கப் போவாள். அதுவும் கிடைக்காவிட்டால் ஏழைகள் விடுதிதான். தொடர்களில் அவளைக் காட்டுவது குறைவு.

குழந்தை விஷயம் இன்னும் பெரியது. தகப்பன் உயிலில் யாரையாவது கார்டியனாக எழுதிவைத்திருந்தால், 1886 வரை தாய்க்கு அவர்களோடு சமமாக நிற்கும் உரிமை இல்லை. அந்தத் தம்பி மகனின் குடும்பம்தான் கார்டியனா? கதையில் இது வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்கு முதல் கவலை.

உங்கள் மகள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்ததெல்லாம் பாதுகாப்பாக இருக்கவில்லை. 1878 அக்டோபரில் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி விழுந்தது. பங்கு வைத்திருந்தவர்கள் போட்ட பணத்தை இழந்ததோடு முடியவில்லை. வங்கியின் கடனையும் அவர்களே கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு. அவர்களில் விதவைகள் பலர். பணத்துக்காக மனசை அடக்கிக்கொண்டு பத்து வருஷம் இருந்தவள் ஒருத்தி அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க மாட்டாளா? நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இப்போது அவள் என் எதிரில் உட்கார்ந்து கேட்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். நான் சொல்வது இது: அம்மா, பதில் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொள். முதலில் உன் வக்கீலிடம் போய் உயிலை வரிவரியாகப் படிக்கச் சொல். கணவன் கொடுத்தது எது, உன் பிறந்த வீட்டிலிருந்து வந்தது எது என்று பிரித்துக் கேள். உன் முதல் கல்யாணத்தின்போது உன் அப்பா செட்டில்மென்ட் (உனக்கென்று சொத்தை ஒதுக்கிவைக்கும் பத்திரம்) எழுதியிருந்தால் அதை இந்த உயில் தொட முடியாது. அப்புறம், உன்னுடையது என்று மிஞ்சுவதை, சிறு தொகையானாலும், கல்யாணத்துக்கு முன்பே, உனக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்டிகள் பெயரில் உன் தனி உபயோகத்துக்கு என்று எழுதிவை. வரப்போகும் வருமானத்தை நீயே நினைத்தாலும் அடகு வைக்க முடியாதபடி ஒரு ஷரத்து போடலாம். அது இருந்தால் கணவன் கொஞ்சியும் வாங்க முடியாது, மிரட்டியும் வாங்க முடியாது. அந்த ஓவிய வாத்தியாரிடம் இதைச் சொல். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்.

இது நடக்காத காரியமில்லை. ஹாரியட் மெலன் என்ற நாடக நடிகை பெரும் பணக்காரரான வங்கி முதலாளி தாமஸ் கவுட்ஸைக் கல்யாணம் செய்தார். 1822-ல் அவர் இறந்து சொத்து ஹாரியட்டுக்கு வந்தது. 1827-ல் தன்னைவிட மிக இளையவரான செயின்ட் ஆல்பன்ஸ் பிரபுவை மணந்தார். ஆனாலும் சொத்தைத் தன் பிடியிலேயே வைத்திருந்தார். விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837-ல் அவர் இறந்தபோது, பெரும் பகுதியை முதல் கணவரின் பேத்தி ஏஞ்சலாவுக்கு எழுதிவைத்திருந்தார். கூடவே ஒரு நிபந்தனை: அந்நிய நாட்டவரை மணந்தால் சொத்து போய்விடும். தான் விரும்பியபடி மறுமணம் செய்து சொத்தையும் காப்பாற்றிக்கொண்ட பெண், இன்னொருத்திக்கு இப்படி எழுதினார் என்பதைப் படித்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

ஏஞ்சலா பர்டெட் கவுட்ஸ் விதவை இல்லை. தான தர்மத்துக்குப் பெயர் பெற்ற அவர் 1881-ல், 66 வயதில், அமெரிக்காவில் பிறந்த 29 வயதுச் செயலாளரைக் கல்யாணம் செய்தார். மகாராணிக்கே பிடிக்கவில்லை. அக்கா உரிமை கோர, வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு கைவிட்டுப் போனது. மிச்சம் இரண்டு பங்கு. 1906-ல் ஏஞ்சலா சாகும் வரை, 25 வருஷம், இருவரும் தம்பதியாக இருந்தார்கள். உங்கள் மகளுக்கு இவரைப் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு பங்கே பெரும் செல்வம் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் சீமைக் கதை என்று மட்டும் நினைக்காதீர்கள். அதே மகாராணி காலத்தில், 1856-ல், நம் நாட்டில் இந்து விதவை மறுமணச் சட்டம் வந்தது. மறுமணம் செல்லும் என்று சொன்ன அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவு, மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமை, அவள் அப்போதே செத்துப்போனது போல, முடிந்துவிடும் என்றது. 1983-ல்தான் அந்தச் சட்டம் ரத்தானது. உங்கள் அம்மா காலத்திலோ பாட்டி காலத்திலோ மறுமணப் பேச்சு எடுத்ததும் வீட்டுப் பெரியவர்கள் "அப்போ நிலம்?" என்று கேட்டது காதில் விழுந்திருக்கலாம். உங்கள் மனசு ஒப்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

அடுத்த பகுதி பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அந்த வாத்தியார் செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாரா, அந்தக் குழந்தை யாரிடம் இருக்கிறது, இரண்டும் தெரிய வேண்டும் எனக்கு.