அந்தக் காலம் நல்ல காலம்னு சொல்றவங்க எல்லாருமே அதுல தப்பிச்சு வந்தவங்கதான்

உலகம் நிஜமாவே முன்னைவிட மோசமாகிட்டே போகுதா, இல்ல பொழுதுக்கும் செய்தி பாத்துப் பாத்து நமக்கு அப்படித் தோணுதான்னு கேட்டிருக்கீங்க.

மோசம்னா எது, யாருக்குன்னு பிரிச்சுக் கேட்டாத்தான் இதுக்குப் பதில் வரும். ஒரு ஆளு பொறந்து, பொழைச்சு, வளர்ந்து பெரியாளாகுறதுக்கு இதைவிட நல்ல காலம் மனுஷ வரலாற்றுல இருந்ததே இல்லன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். ஆனா எல்லாருக்கும் பொதுவான காத்து, கடல், காடு, அதுல இருக்குற மத்த உயிருங்க விஷயத்துல நிலைமை நிஜமாவே மோசமாகியிருக்கு, அது பிரமை கிடையாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கலந்து கேக்குறதாலதான் இந்தச் சண்டை ஓயவே மாட்டேங்குது.

முதல்ல உயிர் பொழைக்குற கதையைப் பாப்போம், எனக்கு இதுதான் முக்கியம். இங்கிலாந்துல ஆன்னு ஒரு ராணி இருந்தாங்க, 1702-ல இருந்து 1714 வரைக்கும் ஆண்டவங்க. அவங்க 17 தடவை கர்ப்பம் ஆனாங்க, முக்காவாசி கருவிலேயே கலைஞ்சது இல்லன்னா செத்தே பொறந்தது. உயிரோட பொறந்ததுல ரெண்டு சின்னப் பொண்ணுங்க 1687-ல பெரியம்மை வந்து ஒரே வாரத்துக்குள்ள ஒண்ணு பின்னாடி ஒண்ணு போயிடுச்சு. தங்குனது வில்லியம்னு ஒரே ஒரு பையன், அவனும் 1700-ல 11 வயசுல போயிட்டான். இது அரச குடும்பம், நாட்டுலயே பெரிய வைத்தியருங்க எல்லாம் கூப்பிட்டா ஓடி வர்ற வீடு. அங்கயே இந்தக் கதின்னா கூலி வேலைக்குப் போனவங்க வீட்டுல என்ன நடந்திருக்கும், யார் எழுதி வெச்சா அதையெல்லாம்.

சரி அது ரொம்பப் பழசுன்னு சொல்லுவீங்க. 1924-க்கு வாங்க. அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜோட 16 வயசுப் பையன் வெள்ளை மாளிகை கோர்ட்டுல சாக்ஸ் போடாம ஷூ மாட்டிக்கிட்டு டென்னிஸ் ஆடினான். கால் விரல்ல ஒரு கொப்புளம். அதுல கிருமி ஏறி ரத்தத்துல கலந்து, ஆட்டம் ஆடின ஒரே வாரத்துல செத்துட்டான், அவ்ளோதான். அப்பா ஜனாதிபதியா இருந்தும் ஒண்ணும் பண்ண முடியல, ஏன்னா பென்சிலினை ஃப்ளெமிங் கவனிச்சதே 1928-லதான், அது மருந்தா ஜனங்க கைக்கு வந்தது 1940-கள்ல. இன்னிக்கு அந்த மாதிரி கொப்புளம் வந்தா நாம டாக்டர்கிட்டப் போறதா வேணாமான்னே யோசிச்சுக்கிட்டு இருப்போம்.

மொத்த உலகத்துக்கும் கணக்கு பாத்தா, 1800 வாக்குல பொறந்த 10 குழந்தைல 4 குழந்தைக்கு மேல 5 வயசைத் தாண்டல. இப்ப 100-க்கு 4 கூட இல்ல. 1990-ல வருஷத்துக்கு 1.2 கோடிக்கு மேல செத்த சின்னக் குழந்தைங்க, 2022-ல 50 லட்சத்துக்குக் கீழ வந்துடுச்சு, அதுவும் கொடுமையான நம்பர்தான், ஆனா பாதிக்கும் கீழ வந்தது எந்த ஒரு நாளோட தலைப்புச் செய்தியாவும் வந்து நான் பாக்கல.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. "அந்தக் காலத்துல நோய் நொடியே கிடையாது, அவங்க உடம்பே வேற"ன்னு சொல்றாங்க பாருங்க, அதைச் சொல்றது யாரு? பொழைச்சவங்க. 5 வயசுல போன குழந்தையோ, பிரசவத்துல போன அம்மாவோ வந்து அந்தக் காலம் எப்படி இருந்துச்சுன்னு சாட்சி சொல்ல மாட்டாங்க. 80 வயசு வரைக்கும் திடமா இருந்த ஒரு தாத்தா நம்ம கண்ணுல படுறாரு, அவரோட கூடப் பொறந்து பேரு கூட மறந்துபோன அஞ்சாறு பேர் நம்ம கண்ணுல படல. அதனால கடந்த காலத்தைப் பத்தி நமக்குக் கிடைக்குற சாட்சியமே ஒருதலைப்பட்சமானது, அது யாரோட குத்தமும் இல்ல, ஆனா அதை வெச்சு தீர்ப்பு சொல்லக் கூடாது.

வறுமையைப் பத்தியும் ஒரு வரி. 1990-ல உலக ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல படு வறுமைல இருந்தாங்க, 2019-ல பத்துல ஒரு பங்குக்கு வந்துடுச்சு. இந்த இடைப்பட்ட காலத்துல சராசரியா ஒரு நாளைக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல அந்தப் படு வறுமைக் கோட்டைத் தாண்டி மேல வந்திருக்காங்க. அந்தக் கோடே ரொம்பக் கீழ போட்ட கோடுதான், அதைத் தாண்டிட்டா வாழ்க்கை செட்டில்னு அர்த்தம் இல்ல, இதுல பெரிய பங்கு சீனாவோடதுன்னும் சொல்லியாகணும். இருந்தாலும் தினமும் ஒரு லட்சம் பேர், 25 வருஷத்துக்கும் மேல, ஒரு நாள் கூட அது செய்தி ஆகல, ஏன்னா நேத்தும் அதேதான் நடந்துச்சு, நாளைக்கும் அதேதான் நடக்கும். ஒரு விமானம் விழுந்தா செய்தி, பத்திரமா இறங்குன ஆயிரக்கணக்கான விமானம் செய்தி இல்ல. இதுல பத்திரிகைக்காரங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, செய்திங்குறதோட குணமே அப்படித்தான்.

அடுத்தது, கலி முத்திப்போச்சு, மனுஷனுக்கு மனுஷன் ஈரமே இல்லங்குற புலம்பல். ஆடம் மாஸ்ட்ரோயானி, டேனியல் கில்பர்ட்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல நேச்சர்ங்குற அறிவியல் இதழ்ல ஒரு ஆய்வு போட்டாங்க, குறைஞ்சது 60 நாட்டு ஜனங்க கொடுத்த பதில்கள், சுமார் 70 வருஷத்து சர்வே எல்லாத்தையும் தோண்டி எடுத்து. எங்க கேட்டாலும், எந்த வருஷம் கேட்டாலும், ஜனங்க முன்ன மாதிரி நல்லவங்களா இல்லங்குற பதில்தான் வந்திருக்கு. ஆனா அதே மாதிரி சர்வேக்கள்ல "உங்களைச் சுத்தி இருக்குறவங்க இப்ப எப்படி நடந்துக்குறாங்க, உங்களை மரியாதையா நடத்துறாங்களா, முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு உதவி பண்ணீங்களா"ன்னு கேட்டா, அந்தப் பதில் பெருசா மாறவே இல்ல. 70 வருஷமா நிஜமாவே சரிஞ்சுக்கிட்டே வந்திருந்தா இதுலயும் தெரிஞ்சிருக்கணும்ல? இதுல எனக்குச் சிரிப்பு வந்த இடம் எதுன்னா, எப்பல இருந்து கெட்டுப்போச்சுன்னு கேட்டா சுமாரா தான் பொறந்த காலத்துல இருந்துன்னு வருது, அதுக்கு முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சாம். கூடவே, தனக்கு நேர்ல தெரிஞ்சவங்க மட்டும் கெட்டுப்போகலையாம். கெட்ட சேதிதான் நம்ம கவனத்தை இழுக்குது, ஆனா பழைய கெட்ட ஞாபகத்தோட வலி நல்ல ஞாபகத்தைவிடச் சீக்கிரம் மங்கிடுது, இந்த ரெண்டும் சேர்ந்தா எந்தத் தலைமுறைக்கும் நேத்து பளிச்சுன்னும் இன்னிக்கு கருப்பாவும்தான் தெரியும்னு அவங்க விளக்கம் சொல்றாங்க. எனக்கு அது சரியாத்தான் படுது.

இதோட நிறுத்திட்டு "எல்லாம் நல்லாத்தான் போகுது, கவலைய விடுங்க"ன்னு சொல்ற கூட்டம் ஒண்ணு இருக்கு, எனக்கு அவங்க மேலயும் கடுப்புதான். ஏன்னா அந்தப் பக்கம் நிஜமாவே மோசமாகுற லிஸ்ட் சின்னது இல்ல. ஹவாய்ல மவுனா லோவா மலை மேல 1958-ல, காத்துல இருந்து பூமியைச் சூடாக்குற கார்பன் டை ஆக்ஸைடை அளக்க ஆரம்பிச்சப்ப பத்து லட்சத்துல 315 பங்கு இருந்துச்சு, இப்ப 420-ஐத் தாண்டியாச்சு. பூமியோட வெப்பத்தை அளக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்து பாத்தா 2024-தான் ரொம்ப சூடான வருஷம். தவளை, தேரை மாதிரி நீர் நில வாழ் உயிரினங்கள்ல அஞ்சுல ரெண்டு இனம் அழியுற ஆபத்துல இருக்கு. இதுல கவனிச்சீங்கன்னா இங்கயும் அதே சாட்சிப் பிரச்சனைதான், தவளை வந்து நமக்குப் புகார் எழுதித் தராது, இன்னிக்குப் பொறக்குற குழந்தைக்கு முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னே தெரியாது, இப்ப இருக்குறதுதான் அதுக்கு நார்மல். பழைய சாவுகளை மறந்து அந்தக் காலத்தை உயர்த்திப் பேசுறோம், பழைய காட்டை மறந்து இந்தக் காலத்துக்குப் பழகிப் போறோம்.

போரும் அப்படித்தான். பனிப்போர் முடிஞ்சப்புறம் கொஞ்ச காலம் இறங்குமுகமா இருந்தது, திரும்ப ஏறிடுச்சு. அரசாங்கம் ஒரு தரப்பா இருக்குற மோதல்களோட எண்ணிக்கை 1946-ல இருந்து பாத்தா 2023, 2024-ல தான் அதிகம். வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவங்க 2024-ல 12 கோடியைத் தாண்டினாங்க. சூடான்ல, காஸால, உக்ரைன்ல இருக்குற ஒருத்தர்கிட்டப் போய் உலக சராசரி ஆயுசு 73 ஆயிடுச்சு தெரியுமான்னு சொன்னா செருப்பால அடிப்பாங்க, அடிக்கணும். சராசரிங்குற ஊர்ல யாரும் குடியிருக்கல.

இன்னொரு விஷயம், நல்லது நடந்ததெல்லாம் தன்னால நடக்கல. பெரியம்மை 20-ஆம் நூற்றாண்டுல மட்டும் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்ன நோய். 1967-ல உலக சுகாதார நிறுவனம் தீவிரமா இறங்கி, எங்க ஒருத்தருக்கு வந்திருக்குன்னு தேடிப் புடிச்சு, அவரைச் சுத்தி இருக்குறவங்களுக்கெல்லாம் தடுப்பூசி போட்டு வளைச்சு வளைச்சு அடைச்சாங்க. இயற்கையா அது கடைசியா வந்தது 1977-ல சோமாலியாவுல அலி மாவ் மாலின்ங்குற ஆஸ்பத்திரி சமையல்காரருக்கு. ரெண்டு நோயாளிங்களுக்கு வழி காட்ட வண்டில கொஞ்ச தூரம் கூடப் போனாரு, தொத்திக்கிச்சு. அவர் அதுவரைக்கும் தடுப்பூசி போட்டுக்காம இருந்ததுக்குக் காரணம் ஊசி வலிக்கும்னு பயமாம், மனுஷன் நம்மள மாதிரிதான். பொழைச்சுக்கிட்டாரு. பின்னாடி போலியோ ஒழிப்பு வேலைல சேர்ந்து, தன் கதையவே சொல்லி ஜனங்களைச் சம்மதிக்க வெச்சாரு, 2013-ல அந்த வேலைல இருக்கும்போதே மலேரியா வந்து இறந்துட்டாரு. நான் மேல சொன்ன நம்பர் எல்லாம் கீழ இறங்குனதுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஆளுங்களும், அவங்களுக்குச் சம்பளம் கொடுத்த பட்ஜெட்டும் இருக்கு. பணத்தை நிறுத்தினா நம்பர் திரும்ப ஏறும், தட்டம்மை விஷயத்துல தடுப்பூசி குறையுற இடத்துலெல்லாம் அது நடந்துக்கிட்டும் இருக்கு.

அதனால உலகம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சுக்க நான் தினச் செய்தியப் பாக்குறதில்ல, ரெண்டு நம்பரைத்தான் பாக்குறேன். 5 வயசுக்குள்ள சாகுற குழந்தைங்க எத்தனை, காத்துல கார்பன் எவ்ளோ. முதலாவது ரொம்பவே இறங்கியிருக்கு, ஆனா 2015-க்கு அப்புறம் இறங்குற வேகம் குறைஞ்சுடுச்சு. ரெண்டாவது 2024-ல ஏறின அளவு, அளக்க ஆரம்பிச்சதுல இருந்து எந்த ஒரு வருஷமும் ஏறாத அளவு.