அனந்தாசனத்தில் உடல் பின்னால் சாய்வது ஏன்?

கேள்வி: எனக்கு 46 வயது, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. யோகா வகுப்பில், ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்திப் பெருவிரலைக் கையால் பிடிக்கும் அனந்தாசனம் செய்கையில், காலைத் தூக்கியதும் உடல் பின்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கால் பெருவிரலும் எட்டவில்லை. இந்தப் பெயர் எப்படி வந்தது? இதனால் தொப்பை குறையுமா?

பதில்: திருமால் பள்ளிகொண்டிருக்கும் ஆதிசேடனுக்கே அனந்தன் என்று பெயர். திருவரங்கத்திலும் திருவனந்தபுரத்திலும் நாம் சேவிக்கும் கிடந்த கோலத்தை நினைவூட்டுவதால் ஆசனம் இப்பெயர் பெற்றது. யோக சூத்திரம் இயற்றிய பதஞ்சலி முனிவரையும் ஆதிசேடனின் அவதாரமாகவே மரபு போற்றுகிறது. ஆனால், ஒரு காலைச் செங்குத்தாக உயர்த்துவது அந்தக் கோலத்தில் இல்லாதது. உங்கள் சிக்கல் தொடங்குவதும் அந்த இடத்தில்தான்.

ஒருக்களித்துப் படுக்கும்போது உடலைத் தாங்கும் பரப்பு மிகவும் குறுகிவிடுகிறது. தொடையின் பின்தசைகள் விறைத்திருக்கும் நிலையில் பெருவிரலைப் பிடித்தே ஆகவேண்டும் என்று காலை இழுத்தால், மேற்பக்க இடுப்பு பின்னோக்கித் திரும்பி, முதுகையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். ஆகவே, சில வாரங்களுக்குப் பெருவிரலை மறந்துவிடுங்கள். முதுகும் குதிகாலும் சுவரைத் தொடும்படி இடப்பக்கமாகப் படுத்து, இடது உள்ளங்கையால் தலையைக் காதுக்கு மேலாகத் தாங்கிக்கொண்டு, கீழ்க்காலின் வெளிவிளிம்பைத் தரையில் நன்றாக அழுத்துங்கள். வலது முழங்காலை மடக்கி, பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, இடுப்பு சுவரை நோக்கிச் சரியாத அளவுக்கு மட்டும் காலை நீட்டுங்கள். முழங்கால் சற்று மடங்கியிருந்தாலும் குறையில்லை. இயல்பாக மூச்சுவிட்டபடி 15 முதல் 20 வினாடி நிறுத்திவிட்டு, மறுபக்கமும் செய்யுங்கள்.

இதில் தொடையின் பின்தசைகளும் உட்தொடையும் நீளுகின்றன. சாயாமல் நிற்பதற்காக இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இடைவிடாமல் உழைக்கின்றன. யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் 1966-இல் வெளியிட்ட நூலில், முதுகுவலி தணியும் என்றும் குடலிறக்கம் (ஹெர்னியா) வராமல் தடுக்கும் என்றும் எழுதியிருக்கிறார். முதலாவது, தசை விறைப்பால் வரும் வலிக்குப் பொருந்தக்கூடும். இரண்டாவதை நம்பி, ஏற்கெனவே குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைத் தவிர்க்கக் கூடாது. தொப்பையைப் பொறுத்தவரை, வயிற்றுத் தசை வலுப்பெறலாமே தவிர, அதன்மேல் படிந்த கொழுப்பை மட்டும் தனியே கரைக்கும் ஆசனம் எதுவும் கிடையாது.

கழுத்து வலி இருந்தால் கையைத் தலைக்கு மேலே நீட்டி, மடித்த போர்வையைப் புஜத்தின்மேல் வைத்துத் தலையைச் சாய்த்துக்கொள்ளலாம். காலில் மரத்துப்போதலோ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு, மருத்துவரைப் பாருங்கள்.