ஜனவரிக்கு ஐந்து நிமிட வேலை போதும்: கேள்வி பதில்

பிசியோதெரபிஸ்டாக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் ஒன்றையே கேட்பார்கள்: புது வருடத்தில் உடம்பைக் கவனிக்க வேண்டும், எங்கே தொடங்குவது? இந்த முறை வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வருடா வருடம் ஜனவரியில் ஜிம்முக்கு மொத்தமாகப் பணம் கட்டுகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் அதோடு சரி. எனக்கு மன உறுதி இல்லையா? (வயது 31, கோவை)

மன உறுதியில் குறையே இல்லை தம்பி, எடுத்துக்கொண்ட அளவில்தான் குறை. பல வருடம் நாற்காலியில் உட்கார்ந்த உடம்பை முதல் நாளே ஒரு மணி நேரம் வேலை வாங்கினால், மறுநாள் படி இறங்க முடியாமல் தொடை கடுக்கும். நாலு நாள் லீவு கிடைத்ததும் உடம்பு 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிடும்.

காலையில் பல் தேய்த்து முடித்ததும், சுவரில் கை ஊன்றி ஐந்து தண்டால் எடுங்கள். ஐந்தே ஐந்து. நைட் ஷிப்ட் முடித்து அலுத்து வந்த நாளிலும் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். முடியுமென்றால் அளவு சரி. 'தினமும் உடற்பயிற்சி செய்வேன்' என்றால் எப்போது, எங்கே என்பது தினமும் ஒரு யோசனையாக நிற்கும். 'பல் தேய்த்ததும் சுவர்த் தண்டால்' என்றால் அந்த யோசனைக்கே வேலையில்லை. பொங்கலுக்குப் போகும் ஊரிலும் சுவர் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஏழாக்குங்கள். ஜிம்மைப் பற்றி ஏப்ரலில் பேசுவோம்.

போனில் பத்தாயிரம் அடி காட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு மூவாயிரம்தான் வருகிறது.

அந்த எண் டாக்டர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதல்ல. 1965இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்றது. அதன் பெயர் மான்போ-கெய். 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள். அங்கிருந்து பரவியதுதான். உலக சுகாதார நிறுவனம் அடிக்குப் பதிலாக நிமிடத்தைத்தான் சொல்கிறது: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்று முன்பு சொன்னதையும் 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். நாலு நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். இந்த மாதம் மூவாயிரத்தை மூவாயிரத்து ஐந்நூறாக்குங்கள், போதும்.

அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை இருக்கிறது, முட்டி வலியும் உண்டு. "முட்டி தேஞ்சிடுச்சு, நடக்காதே" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய? (மதுரை)

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே கட்டிலோடு ஒடுங்கிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முட்டியைத் தாங்குவது முன்தொடைத் தசை. ஆடாமல் அசையாமல் இருந்தால் அது மெலியும், பாரம் மூட்டின் மேல் இறங்கும், வலி கூடும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கை ஊன்றியே ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். காலைக் காபிக்கு முன் ஒரு தடவை, சாயங்காலக் காபிக்கு முன் ஒரு தடவை. செய்யும்போது லேசாக வலித்து மறுநாள் காலைக்குள் அடங்கினால் பயம் வேண்டாம். முட்டி வீங்கினால், ராத்திரித் தூக்கம் கெட்டால், நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரைக்குச் சாப்பிட்டபின் நடப்பது நல்லது. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் வராந்தாவில் ஐந்து நிமிடம் நடக்கட்டும். செருப்புப் போட்டுத்தான்! வெறுங்காலில் எட்டுப் போட்டு நடக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது, சின்னக் காயம் புண்ணாகிவிடும். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலை நீங்களே பார்த்துவிடுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவரானால் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். கையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுக்கினால் உடனே ஆஸ்பத்திரி.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. டீயை விட முடியாது அண்ணா.

டீயை விட வேண்டாம். பத்து ஸ்பூன் என்றால் சுமார் 50 கிராம். சராசரியாகச் சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கான உச்சவரம்பே ஏறத்தாழ அதுதான், 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது. இந்த வாரம் ஒரு டீக்கு மட்டும் கடைக்காரரிடம் "சக்கரை கம்மியா" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் இரண்டு டீ. நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினேன் என்று தேற்றிக்கொள்ளாதீர்கள், ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

போனைப் பார்த்துக்கொண்டே மணி ஒன்றாகிவிடுகிறது.

சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள். இந்த மாதம் அது ஒன்று மட்டும்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடுமாமே? எனக்கு ஒன்பதாவது நாளே விட்டுப்போய்விட்டது.

21 என்பது, ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழக எடுத்த நாட்களைப் பற்றி 1960இல் எழுதியது. நாளடைவில் எல்லாப் பழக்கத்துக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. அதனால் ஒன்பதாவது நாளை மறந்துவிடுங்கள். விட்டதற்குச் சேர்த்து இன்று பத்து தண்டால் எடுக்காதீர்கள், தோள் பிடித்துக்கொள்ளும். இன்றும் ஐந்துதான்.